ஸ்கைடைவிங் பழக ஆசை: என் உடம்பு சரிப்படுமா?

கேள்வி: வயது 31, வெள்ளவத்தையில் இருக்கிறேன், வங்கியில் வேலை. டிசம்பரில் மெல்போர்னில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அங்கே ஸ்கைடைவிங் பழக ஆசை. பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டான்டம் அல்ல, தனியாகக் குதிக்கப் பழக்கும் கோர்ஸ். எடை 74 கிலோ, கண்ணாடி போடுகிறேன். சின்ன வயதில் முட்டு இருந்தது. இப்போது எப்போதாவது இன்ஹேலர். பள்ளியில் நெட்போல் விளையாடும்போது வலது தோள் கழன்றது, பிறகு ஒருமுறை நித்திரையிலும். தாமரைக் கோபுரத்தில் நின்று கீழே பார்த்தபோது கால் நடுங்கியது. அத்தான் "முதலில் ஜிம்முக்குப் போ" என்கிறார். நான் இதற்குத் தகுதியா?

பதில்: அத்தான் சொல்வது தப்பில்லை. ஆனால் ஜிம் இங்கே நாலாவது ஐந்தாவது விஷயம். கோபுரத்துப் பயமும் அவ்வளவு பெரிதில்லை. போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, நித்திரையில் கழன்ற தோள், அங்கேதான் என் கண் நின்றது.

குதித்தவர் காற்றில் கிடக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். வயிறு கீழே, முதுகு வில்லாக வளைந்து, இரு கைகளும் தோள் மட்டத்துக்கு விரிந்து, முழங்கை மடங்கி. மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வேகக் காற்று அந்தக் கைகளை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். கழலும் தோளைச் சோதிக்கிற எலும்பு டொக்டர் என்ன செய்வார்? உங்களைப் படுக்கவைத்து, கையைத் தோள் மட்டத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி, மெதுவாகப் பின்னுக்குச் சாய்ப்பார். பாதியிலேயே "ஐயோ, கழரப் போகுது" என்று முகம் மாறும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நிலைதான். இளவயதில் கழன்ற தோள் திரும்பக் கழலுவதும் சகஜம். நித்திரையில் புரண்டதற்கே கழன்றது காற்றுக்கு ஈடுகொடுக்குமா?

அதோடு முடியவில்லை. பிரதான பாராசூட்டின் கைபிடி முதுகுப்பையின் அடியில், வலது இடுப்புக்குப் பின்னால் இருக்கும். பார்க்காமல், வலது கையைப் பின்னே கொண்டுபோய்த் துழாவிப் பிடிக்க வேண்டும். உங்களுக்குக் கழன்றதும் வலது தோள். முதல் குதிப்பில் இரு பக்கமும் பயிற்சியாளர்கள் பிடித்திருப்பார்கள், நீங்கள் இழுக்காவிட்டால் அவர்கள் இழுப்பார்கள். சரி. ஆனால் விரிந்த பிறகு நீங்கள் தனி ஆள். தரைக்கு மூன்று நாலு மீட்டர் இருக்கும்போது பாராசூட்டைத் திருப்பும் இரு பிடிகளையும் ஒரே சீராகக் கீழே இழுத்தால்தான் வேகம் குறையும். ஒரு கைதான் வேலை செய்தால் பாராசூட் ஒருபக்கம் திரும்பிக்கொண்டே தரையில் மோதும்.

நானே ஒருமுறை இதில் சறுக்கினேன். நல்ல கட்டான உடம்புள்ள பொடியன், வேகப்பந்து வீச்சாளன். இதயம், பிரஷர், சீனி எல்லாம் பார்த்துவிட்டு, குதிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன். தோளைப் பற்றிக் கேட்கவே இல்லை. அங்கே தரைப்பயிற்சியில் கையை விரிக்கச் சொன்ன நேரம் அவன் முகம் சுளித்ததைக் கண்டு பயிற்சியாளர்தான் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து என் முதல் கேள்வி தோள்.

அடுத்தது காது. பொதுவாக 13,000 அடியில் குதித்து, மாணவர்கள் 5,500 அடியளவில் பாராசூட்டை விரிப்பார்கள். விமானம் கட்டுநாயக்காவில் இறங்கும்போது கேபினுக்குள் அரை மணி நேரமாக மாறுகிற அழுத்தம் இங்கே முக்கால் நிமிடத்தில் மாறிவிடும். தடிமன் இருக்கும் நாளில் குதிக்கவே வேண்டாம். பிரிட்டோன் போட்டுச் சமாளிப்பது அதைவிட மோசம். அது தூக்கக் கலக்கம் தரும்.

முட்டு கட்டுப்பாட்டில் இருந்தால் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் 13,000 அடி என்பது பீதுருதாலகாலையைவிட ஒன்றரை மடங்கு உயரம். அங்கே தரையைவிடச் சுமார் 25 பாகை குளிர் கூட, ஒட்சிசனும் குறைவு. குளிர்காற்றில் இழுக்குமா என்று உங்கள் டொக்டரோடு கதையுங்கள். இரத்தசோகை இருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். அண்மையில் டெங்கு வந்திருந்தால் பிளேட்லெட் பழைய நிலைக்கு வந்து, அசதியும் போகட்டும். கண்ணாடி பிரச்சினையே இல்லை, அதன் மேல் போடுகிற கொகிள்ஸ் இருக்கிறது. எடைக்கு ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு எல்லை வைத்திருக்கும். 74 கிலோ பொதுவாகப் பரவாயில்லை, என்றாலும் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். வலிப்பு, மயக்கம், இதய வருத்தம், கர்ப்பம் என்று எதையும் நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கதையே வேறு.

இனி அந்தக் கால் நடுக்கம். கோபுரத்தில் நிற்கும்போது விளிம்பும் கீழே ஊரும் தெரியும், கண் அளவெடுக்கும், கால் நடுங்கும். 13,000 அடியில் அளவெடுக்க ஒன்றும் இல்லை, பூமி ஒரு படம் மாதிரிக் கிடக்கும். மாடி விளிம்பில் நிற்கப் பயந்துகொண்டே நூற்றுக்கணக்கில் குதித்தவர்கள் இருக்கிறார்கள். பயம் வருமா என்பதல்ல, பயத்தோடு சின்னச் சின்ன வேலையை வரிசையாகச் செய்வீர்களா என்பதுதான் விஷயம்: உயரமானியைப் பார், எண்ணை வாசி, சைகையைக் கவனி, கையைக் கொண்டுபோ. முழு வேகத்தில் தாமரைக் கோபுரத்தின் உயரம் ஆறேழு விநாடியில் கடந்துவிடும். யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

இதைச் சோதிக்க வழி, நீங்கள் வேண்டாம் என்கிற அதே டான்டம்தான். தோளைக் காட்டி அனுமதி கிடைத்த பிறகு, கோர்ஸுக்கு முன் ஒன்று செய்யுங்கள். உயரமானியை உங்கள் கையிலும் கட்டச் சொல்லி, விழும்போது மூன்று தடவை வாசியுங்கள். இறங்கியதும் அந்த மூன்று எண்களையும் சொல்ல முடிந்தால் நல்ல சகுனம். ஒன்றும் ஞாபகமில்லையென்றால் கவலை வேண்டாம், முதல் தடவை பலருக்கும் அப்படித்தான். இன்னொரு டான்டம் போய்ப் பாருங்கள்.

டிக்கெட் போடுவதற்கு முன் எலும்பு டொக்டரிடம் போங்கள். "வலிக்கிறதா" என்று கேட்பார், "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். ஸ்கைடைவிங்குக்கு என்று சொல்லி, அந்தக் கைநிலையை அவர் முன்னால் மெதுவாகச் செய்து காட்டுங்கள். வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.