கோடாரிப் பெண்மணியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

கேள்வி: வீட்டு பேஸ்மென்ட்டில் சின்னதாக ஒரு பார் அமைத்திருக்கிறேன். அமெரிக்க மதுவிலக்குக் காலப் புகைப்படங்கள் மூன்றை கேன்வாஸில் அச்சிட்டு செட்டாக விற்கிறார்கள்: கையில் கோடாரியோடு ஒரு கிழவி, சாராயக் கடத்தல் கும்பல் தலைவன் அல் கபோன், சாக்கடையில் சாராயத்தைக் கொட்டும் போலீஸ். பழைய காலத்துக் களை வரும், வருகிறவர்களும் பார்த்துச் சிரிப்பார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: செட்டாக வாங்காதீர்கள். மூன்றில் ஒன்றுதான் உங்கள் சுவருக்கு ஆகும்.

கோடாரியோடு நிற்பவர் மதுவை எதிர்த்துப் போராடிய கேரி நேஷன். அவர் 1911-லேயே இறந்துவிட்டார். நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது 1920 ஜனவரி 17 அன்று. விற்பவர் போட்டிருக்கும் தலைப்பே தப்பு. அதைவிட என்னை உறுத்துவது உங்கள் விருந்தாளிகளின் அந்தச் சிரிப்பு. கேரியின் முதல் கணவர் ஒரு மருத்துவர். கல்யாணமான இரண்டு வருஷத்துக்குள், 1869-ல், குடி அவரைக் கொண்டுபோனது. கைக்குழந்தையோடு நின்றார் கேரி. 1900-ல் கான்சாஸ் மாநில மதுக்கடைகளை அவர் அடித்து நொறுக்கத் தொடங்கியபோது அங்கே மது விற்பதே சட்டவிரோதம், அதிகாரிகள்தான் கண்டுகொள்ளவில்லை. அவர் போன வழி உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் பாட்டில்களுக்கு நடுவே அவரை வேடிக்கைப் பொருளாக மாட்டுவது, குடியால் தாலியறுந்த ஒருத்தியைக் கேலி செய்வது. வேண்டாம்.

கபோனும் வேண்டாம். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேரை ஒரு கராஜ் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். அவர் கும்பலின் வேலை என்றே பரவலாக நம்பப்படுகிறது. கொலைக்காக யாரும் தண்டனை பெறவில்லை. 1931-ல் கபோன் சிக்கியது வருமான வரி வழக்கில்.

அந்தக் காலத்தைக் கொண்டாட்டமாக நினைப்பவர்கள் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹாலை மறந்துவிடுகிறார்கள். தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடிக்கக் கூடாதென்று அரசே அதில் விஷம் கலக்க வைத்தது. 1926 முடிவில் மெத்தனால் அளவைக் கூட்டவும் உத்தரவிட்டது. கடத்தல்காரர்கள் அதையே திருடி விற்றார்கள். நியூயார்க்கின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நோரிஸ், பிணவறைக்கு வந்த உடல்களைப் பார்த்துவிட்டு அரசை வெளிப்படையாகக் கண்டித்தார். செத்தவர்களில் பெரும்பாலோர் நல்ல சரக்கு வாங்க வசதியில்லாத ஏழைகள். 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். பணக்காரர்களுக்கு அன்றும் கவலையில்லை. தயாரிப்பது, விற்பது, கொண்டுபோவதுதான் குற்றம். முன்கூட்டியே வாங்கி வீட்டில் அடுக்கியதைக் குடிப்பது குற்றமில்லை.

சாக்கடைப் படம் நல்ல படம். 1921 வாக்கில் நியூயார்க்கில் எடுத்தது. துணைப் போலீஸ் கமிஷனர் ஜான் லீச் வலப்பக்கம் நின்று பார்க்க, பீப்பாயைக் கவிழ்க்கிறார்கள். அதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்: 24-க்கு 36 அங்குல கேன்வாஸுக்கு 3600-க்கு 5400 பிக்சலாவது வேண்டும். கேன்வாஸைச் சட்டத்தின் பக்கவாட்டில் மடக்கி அடிப்பார்கள். ஓரத்தில் நிற்பவர்கள் மடிப்புக்குள் போய்விடுவார்கள். லீச்சை இழந்துவிடாதீர்கள், வெற்று ஓரம் விடச் சொல்லுங்கள். செபியா நிறம் ஏற்ற வேண்டாம். அது கறுப்பு வெள்ளைப் படம், அப்படியே இருக்கட்டும். என்னைக் கேட்டால் கேன்வாஸே தேவையில்லை. துணியின் நெசவு முகங்களின் நுணுக்கத்தை விழுங்கிவிடும்; மேட் காகிதத்தில் அச்சிட்டுக் கண்ணாடி போடுங்கள்.

களிப்பான படம் ஒன்றும் வேண்டுமென்றால், 1932 மே 14 அன்று மேயர் ஜிம்மி வாக்கர் பீரை அனுமதிக்கக் கேட்டு நியூயார்க்கில் நடத்திய பீர் ஊர்வலத்தைத் தேடுங்கள். அடுத்த ஏப்ரலில் 3.2 சதவீத ஆல்கஹால் உள்ள பீர் சட்டப்படி திரும்பியது. 1933 டிசம்பர் 5 அன்று மதுவிலக்கே ரத்தானது. அந்தப் படங்களில் ஜனங்கள் தாங்களாகச் சிரிக்கிறார்கள். எதை மாட்டினாலும் கீழே ஊர், ஆண்டு, தெரிந்தால் ஆளின் பெயர், இவற்றைச் சின்ன எழுத்தில் அச்சிடுங்கள்.