பூத் சிலிப் போதாது, ரேஷன் கார்டும் ஆகாது: அம்மாவின் ஓட்டுக்கு எதை எடுத்துப்போவது?

கேள்வி: மொடக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 81 வயது. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அவருடைய வாக்காளர் அட்டை எங்கேயோ தொலைந்துவிட்டது. போன தேர்தலில் பூத் சிலிப்பையும் ஸ்மார்ட் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு போனார். செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆதார் இருக்கிறது, ஆனால் அதில் ‘ராமாயம்மாள்’ என்றும் வாக்காளர் பட்டியலில் ‘ராமாத்தாள்’ என்றும் இருக்கிறது. நான் ஆறு வருடமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். என் வாக்காளர் அட்டையில் ஊர் முகவரிதான். அடுத்த தேர்தலில் நாங்கள் இருவரும் சிக்கல் இல்லாமல் ஓட்டுப் போட என்ன செய்ய வேண்டும்? 80 வயது தாண்டினால் வீட்டிலேயே ஓட்டுப் போடலாம் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்:

அம்மா திரும்பி வந்ததைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. வீட்டில் ஆதார் இருந்திருக்கிறது. “ஆதாரை எடுத்துட்டு வாங்க ஆத்தா, சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குது” என்று அங்கிருந்த யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் அவர் ஓட்டுப் போட்டிருப்பார். நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன். விதியைச் சொல்லித் திருப்பி அனுப்புவது சுலபம். விதி என்ன கேட்கிறது என்று விளக்குவதற்குத்தான் ஆள் இருப்பதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுரிமையைத் தருவது வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயர். பட்டியலில் இருக்கும் ராமாத்தாள் இந்த ராமாத்தாள்தான் என்று காட்டுவதோடு அட்டையின் வேலை முடிந்தது. அட்டை கையில் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு கிடையாது. பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் வழி உண்டு. உங்கள் வீட்டில் அம்மாவுக்கு இரண்டாவது சிக்கல். உங்களுக்கு முதலாவது இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அதற்குப் பிறகு வருகிறேன்.

வாக்காளர் அட்டை இல்லாதவர்கள் காட்டுவதற்குத் தேர்தல் ஆணையம் 12 ஆவணங்களைச் சொல்லியிருக்கிறது. நம் பக்கத்து வீடுகளில் இருக்கக்கூடியவை ஆதார், 100 நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலையப் பாஸ்புக், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, பாஸ்போர்ட், படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத் திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை ஆகியவை. அரசு, பொதுத்துறை நிறுவனங்களின் ஊழியர் அட்டையும் பொதுப் பங்கு (பப்ளிக் லிமிடெட்) நிறுவனங்களின் ஊழியர் அட்டையும் செல்லும். நம் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலானவை தனிநபர் அல்லது கூட்டுப் பங்காளி நிறுவனங்கள், இல்லையென்றால் பிரைவேட் லிமிடெட். ஆகவே கழுத்தில் தொங்கும் கம்பெனி ஐடியை நம்பிப் போகாதீர்கள்.

ரேஷன் கார்டு இந்த 12-இல் இல்லை. ஸ்மார்ட் கார்டு ஆன பிறகும் இல்லை. தமிழ்நாட்டில் அரிசி முதல் பொங்கல் பரிசு வரை எல்லாம் அந்த அட்டையில்தான் ஓடுகிறது. அதனால் ஓட்டுக்கும் ஆகும் என்று நினைப்பது இயல்பு. உங்கள் அம்மா செய்த தவறு அது ஒன்றுதான். பூத் சிலிப் கதையும் அப்படியே. படம் போட்ட சிலிப்பை முன்பு அடையாளமாக ஏற்றார்கள். 2019 மக்களவைத் தேர்தல் முதல் அது மட்டும் போதாது என்று ஆணையம் நிறுத்திவிட்டது. இப்போது வரும் சிலிப்பில் படமே கிடையாது. எந்தப் பூத், எத்தனையாவது வரிசை எண் என்று தேட மட்டும் அது உதவும்.

இனி பெயர் வேறுபாடு. கொங்கு நாட்டில் இது வீட்டுக்கு வீடு உள்ள சங்கதி. பழனிசாமி ஒரு தாளில் பழனிச்சாமி ஆகிவிடுவார். கூப்பிடுகிற பேர் ஒன்று, பள்ளிக்கூடத்தில் எழுதியது ஒன்று, காட்டுப் பத்திரத்தில் இருப்பது ஒன்று. வாக்காளர் அட்டையில் இருக்கும் எழுத்துப் பிழை, சிறு வேறுபாடுகளைப் பொருட்படுத்தக் கூடாது, ஆள் இன்னார் என்று தெரிந்தால் போதும் என்பது ஆணையத்தின் அறிவுரை. பழனிசாமிக்கு அதுவே போதும். ஆனால் ராமாத்தாளும் ராமாயம்மாளும் எழுத்துப் பிழைக்குள் அடங்குகிற வித்தியாசமா? ஊர்க்காரனான எனக்கு இரண்டும் ஒன்று என்று தெரியும். வெளி மாவட்டத்திலிருந்து பணிக்கு வந்த அலுவலருக்குத் தெரியாது. அலுவலரின் மேசையில் இருக்கும் பட்டியலில் அம்மாவின் படம், வயது, கணவர் பெயர், வீட்டு எண் எல்லாம் இருக்கும். ஆதாரோடு அவற்றை ஒப்பிட்டு நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். இன்னொருவர் தயங்கலாம். அந்தத் தயக்கத்துக்கு இடம் கொடுக்காமல், ‘ராமாத்தாள்’ என்றே பெயர் உள்ள, படம் ஒட்டிய பழைய பாஸ்புக்கோ ஓய்வூதிய ஆவணமோ வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். இருந்தால் ஆதாரோடு அதையும் கொடுத்தனுப்புங்கள். எல்லாம் அசலாக இருக்கட்டும். ஜெராக்ஸ் வேண்டாம்.

இதைவிட நல்ல வழி, தேர்தல் வரும்வரை காத்திராமல் படிவம் 8 கொடுப்பது. பெயர் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை, முகவரி மாற்றம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே படிவம்தான். உங்கள் ஊர் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் தாளாகக் கொடுக்கலாம். ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலும் செயலியிலும் போடலாம். 1950 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஆனால் பட்டியல், ஆதார் இரண்டில் எதைத் திருத்துவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முதியோர் உதவித்தொகையும் வங்கிக் கணக்கும் ஆதார்ப் பெயரில் ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தொட வேண்டாம், பட்டியலைத் திருத்துங்கள்.

இந்தப் புகைப்பட அட்டை எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டியதுதான். தலைமைத் தேர்தல் ஆணையராக டி.என். சேஷன் இருந்தபோது, 1993-இல் இதற்கு உத்தரவு வந்தது. அதற்கு முன் கள்ள ஓட்டைத் தடுக்கப் பெரும்பாலும் ஏஜென்டுகளின் கண்தான் காவல். கிராமத்தில் அந்தக் கண் நன்றாக வேலை செய்தது. அலுவலர் பேரை உரக்க வாசித்ததும் இரண்டு கட்சி ஏஜென்டும் தலையசைப்பார்கள். வடக்குத் தோட்டத்து ராமாத்தாளை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். திருப்பூரில் லைன் வீட்டில் நாலாவது கதவில் யார் குடியிருக்கிறார்கள் என்று முதல் கதவுக்காரருக்கே தெரியாது. தேனியிலிருந்து வந்தவர், தஞ்சாவூரிலிருந்து வந்தவர், போன மாதம் வீடு மாறியவர் என்று இருக்கும் தெருவில் எந்த ஏஜென்ட் யாரை அடையாளம் சொல்வார்? அங்கே படம் போட்ட ஆவணம் இல்லாமல் முடியாது. ஆகவே இந்த விதியை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். அதே விதி, தன்னை ஊரே அறிந்த ஒரு பாட்டியைத் திருப்பி அனுப்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளுக்காகத் திரளாக மனுப்போட்டு, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டே புத்தகமாக வந்தது. உங்கள் அம்மா அந்தப் புத்தகத்தைப் புரட்டி முத்திரை குத்தியவராக இருப்பார், கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்டவர் ஒரு அட்டைக்காக ஓட்டை இழக்கக் கூடாது.

சரி, உங்கள் விஷயம். அட்டையில் பழைய முகவரி இருப்பது குற்றமில்லை. வேறு தொகுதியில் வாங்கிய அட்டையாக இருந்தாலும், நீங்கள் ஓட்டுப் போடும் பூத்தின் பட்டியலில் பெயர் இருந்தால் அது செல்லும். ஆனால் பெயர் இருக்கிறதா? 2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.) நடந்தது. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அதில் குடிபெயர்ந்தவர்கள் ஏராளம். ஆறு வருடமாக ஊரில் இல்லாத உங்கள் பெயர் நீங்கியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அட்டை எண்ணைப் போட்டு இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பெயர் இருந்தால் படிவம் 8 மூலம் திருப்பூருக்கு மாற்றுங்கள். வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கியிருந்தால் படிவம் 6 கொடுத்துப் புதிதாகச் சேர வேண்டும். ஊரில் ஒன்று இருக்கட்டும், இங்கேயும் ஒன்று போட்டு வைப்போம் என்று மட்டும் செய்யாதீர்கள். பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

லைன் வீட்டில் முகவரிச் சான்று ஒரு தலைவலி. கரண்ட் பில் வீட்டுக்காரர் பேரில் இருக்கும். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் மாட்டார்கள். ஆதார் முகவரியையோ வங்கிப் பாஸ்புக் முகவரியையோ முதலில் திருப்பூருக்கு மாற்றிக்கொண்டு அதைக் காட்டுவதுதான் நடக்கிற வழி. வேட்புமனுவுக்கான கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் சேர்க்கவோ திருத்தவோ முடியாது. மனுவைப் பரிசீலிக்கவும் நாளாகும். தேதி அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

வீட்டிலிருந்தே ஓட்டுப் போடும் வசதி 2021 தேர்தலில் 80 வயது தாண்டியவர்களுக்கு இருந்தது. 2024-இல் அதை 85 என்று உயர்த்திவிட்டார்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத் திறன் இருந்தால் வயது வரம்பு கிடையாது. அம்மாவுக்கு அப்படி ஏதும் இல்லையென்றால் பூத்துக்குத்தான் வர வேண்டும். கண் பார்வையோ கையோ ஒத்துழைக்காத நிலை என்றால், 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு உள்ளே அழைத்துப்போகலாம்.

அப்புறம், பூத்தில் தகராறு வந்தால் என்ன செய்வது? முதல் மேசையில் இருப்பவர் மறுத்தால் அங்கிருந்தே திரும்பிவிடாமல், தலைமை அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்கட்டும். முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். ஏஜென்ட் யாராவது இவர் அந்த ஆள் இல்லை என்று ஆட்சேபித்தால், அவர் இரண்டு ரூபாய் கட்டி சேலஞ்ச் செய்ய வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து, ஆட்சேபம் நிலைக்காவிட்டால் அம்மாவை ஓட்டுப் போட விடுவார். இடம் மாறியவர், இறந்தவர் என்று தனியாக ஒரு பட்டியலும் பூத்தில் இருக்கும். அதில் தப்பாகப் பெயர் ஏறியிருந்தாலும் ஓட்டு போய்விடாது. அடையாளத்தைக் கூடுதலாகச் சரிபார்த்துக் கைரேகையும் வாங்கிக்கொண்டு அனுமதிப்பார்கள். அம்மாவின் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்றால், 49P விதிப்படி டெண்டர் ஓட்டு கேட்கலாம். அதைக் காகித வாக்குச்சீட்டில் வாங்கி உறையில் தனியாக வைப்பார்கள். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது. தேர்தல் வழக்கு வந்தால் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ள இடம் உண்டு.

கைபேசியில் ஆதாரைக் காட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பூத்துக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலமே ஆதாரையும் பாஸ்புக்கையும் பூத் சிலிப்பையும் ஒரே பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். திருப்பூரில் நீங்கள் காலையில் சீக்கிரமே ஓட்டுப் போட்டுவிட்டால், மத்தியானத்துக்குள் ஊருக்குப் போய் நீங்களே அவரைப் பூத்துக்குக் கூட்டிப்போகலாம்.