ஜாக்கும் ஒன்பதும் கையில் வந்தால்

கேள்வி: உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன். 304 சீட்டாட்டத்தில் எங்கள் பக்கத்தில் என்னை வெல்ல ஆளில்லை. விடுதிக்கு வந்த வெள்ளைக்காரர்களிடம் போக்கர் பழகி, இப்போது ஞாயிறு இரவுகளில் கூட்டாளிமார் ஆறு பேர் டெக்சாஸ் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து வைத்து ஆடும் போக்கர்) விளையாடுகிறோம். ஆறு கிழமையாகத் தொடர்ந்து தோற்கிறேன். அதிர்ஷ்டம் இல்லையா, ஆட்டம் பிழையா? ஒழுங்காகப் படிக்க எங்கே தொடங்குவது? கடைசியாகத் தோற்ற இரண்டு கைகளையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்: ஆறு கிழமைக் கணக்கை முதலில் ஒரு பக்கம் வையுங்கள். நாலு மணித்தியாலம் இருந்தால், சீட்டுக் கலக்கி, தேத்தண்ணி குடித்து, கதை பேசியது போக நூறு கை வரும் (ஒரு தரம் பங்கிட்டு ஆடி முடித்தால் ஒரு கை). ஆறு கிழமைக்கு அறுநூறு. 2017இல் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரலை நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதவிட்டார்கள். யார் கெட்டி என்று நம்பிக்கையாகச் சொல்ல 120,000 கைகள் விளையாட வேண்டியிருந்தது. உங்கள் ஞாயிற்றுக்கிழமை வேகத்தில் அதற்கு 23 வருடம் பிடிக்கும். ஆகவே தோற்ற காசு உங்கள் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. நீங்கள் எழுதிய இரண்டு கைகள்தான் நிறையச் சொல்கின்றன.

முதலாவது கை. உங்களிடம் ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஒன்பதும் ஆறும். நாலாவது பொதுச்சீட்டு திறந்தபோது மேசையில் இரண்டு ஆட்டின். பொட்டில், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயக் காசில், 600 ரூபாய் கிடக்க, எதிரே இருந்தவர் இன்னொரு 600 போட்டார். 'இன்னொரு ஆட்டின் வந்தால் ஒரே இனத்தில் ஐந்து சேரும், எனக்குத்தான்' என்று கோல் பண்ணினீர்கள், அதாவது நீங்களும் 600 போட்டீர்கள். வரவில்லை. அதிர்ஷ்டத்தைத் திட்டியிருக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். பதின்மூன்று ஆட்டினில் நாலு தெரியும், மிச்சம் ஒன்பது. நீங்கள் காணாத சீட்டு 46. ஒன்பதை 46ஆல் பிரித்தால் இருபது சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 600 கொடுத்து 1200ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். இதில் நட்டப்படாமல் இருக்கவே மூன்றில் ஒரு தரம் சீட்டு வரவேண்டும். ஐந்தில் ஒரு தரம்தான் வரும். இதையே நூறு தரம் செய்தால் இருபது தரம் வென்று 24,000 எடுப்பீர்கள், எண்பது தரம் தோற்று 48,000 விடுவீர்கள். ஒவ்வொரு கோலுக்கும் 240 ரூபாயைக் கடலில் போட்ட மாதிரி. ஆட்டின் வந்து வென்றிருந்தாலும் அந்தக் கோல் பிழைதான்.

'ஆட்டின் விழுந்த பிறகு அவர் இன்னும் போட்டிருப்பாரே' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சரிக்கட்ட அவரிடம் இருந்து பிறகு இன்னும் ஏறக்குறைய 1,270 ரூபாய் வரவேண்டும். அவர் கையில் மிச்சம் இருந்தது 400 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டாவது கை, அதற்கு அடுத்த கையே. ஜாக்கும் ஒன்பதும், வெவ்வேறு இனம். முன்னால் ஒருவர் பந்தயத்தைப் பெரிதாக ஏற்றியும் விடாமல் போனீர்கள். இதை வாசித்துச் சிரித்துவிட்டேன், ஏனென்றால் நானும் உவர்மலையில் 304 அடித்து வளர்ந்தவன். அங்கே ஜாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது. ஏஸுக்கே பதினொன்றுதான். இந்த இரண்டும் ஒரே இனத்தில் சேர்ந்து வந்தால் துரும்பு கேட்கக் கை துடிக்கும். சின்ன வயதில் ஏறிய அந்தத் துடிப்பு போக்கர் மேசையிலும் போகாது. ஆனால் இங்கே வெவ்வேறு இன ஜாக்–ஒன்பது ஒரு சாதாரணச் சீட்டு. ஏற்றியவரிடம் ஏஸ்–ஜாக்கோ கிங்–ஜாக்கோ இருந்தால், உங்களுக்கு ஜாக் ஜோடி விழுந்தாலும் நட்டம்தான்: அவருக்கும் அதே ஜோடி, பக்கச் சீட்டு உங்களுடையதைவிடப் பெரியது. ஒரே இனமோ வெவ்வேறு இனமோ, ஜாக்கும் ஒன்பதும் சராசரியாக 83 கைக்கு ஒரு தரம் வரும், அதாவது ஏறக்குறைய ஞாயிறு தோறும் ஒரு தரம். ஞாயிறு தோறும் ஒரு பொறி என்று வையுங்கள்.

304இல் பங்கிட்ட எட்டுச் சீட்டையும் ஆடித்தான் தீரவேண்டும். பங்காளி வேறு பார்த்துக்கொண்டிருப்பார். போக்கரில் காசு போடாமல் கையை விடுவதும் ஆட்டம். ஆறு பேர் மேசையில் நாலு கைக்கு ஒன்று விளையாடினால் போதும். மற்ற மூன்றையும் விட்டுவிட்டுக் கச்சான் கொறித்துக்கொண்டு மற்றவர்களைக் கவனியுங்கள். அதற்கு 304 உங்களுக்கு நல்ல பள்ளிக்கூடம். கேட்காமல் விட்டவரிடம் என்ன இருக்காது என்று ஊகிக்கப் பழகியவர் நீங்கள். கடைசியாகச் சீட்டு இறக்குபவருக்கு இருக்கும் வசதியும் தெரியும். போக்கரிலும் கடைசியாகப் பேசும் இடத்தில் இருந்தால் கொஞ்சம் தளர்த்தி விளையாடலாம், முதலில் பேசும் இடத்தில் இறுக்கிப் பிடியுங்கள். ப்ளஃப், அதாவது நல்ல சீட்டு இருப்பது போலக் காட்டி மிரட்டுவது பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். கூட்டாளிமார் கோல் பண்ணாமல் விடவே மாட்டார்கள், அவர்களிடம் அது எடுபடாது.

அந்த இரண்டாவது கையைக் கெடுத்தது சீட்டு மட்டும் இல்லை. முந்திய 600 ரூபாயின் சூடு. நானும் ஒரு நாள் இரவு, ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு ஒரு கிங் ஜோடியிடம் தோற்றேன். ஏறக்குறைய ஐந்துக்கு ஒரு தரம் நடக்கிற விசயம்தான். அதைத் தாங்க முடியாமல் அடுத்த அரை மணித்தியாலத்தில் அதைப்போல மூன்று மடங்கு விட்டுவிட்டு, டச்சு விரிகுடாப் பக்கமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். அப்போதிருந்து ஒரு பெரிய கை தோற்றால் அடுத்த இரண்டு கைகளை, ஏஸ் ஜோடி வந்தாலும் பார்க்காமல் விடுகிறேன். எழும்பி முகம் கழுவ அது போதும். இன்னொன்று, மேசைக்குக் கொண்டுபோகும் காசை வீட்டிலேயே எண்ணிச் சட்டைப்பையில் வையுங்கள். அது தீர்ந்தால் வீட்டுக்குப் போய்விடுங்கள். கடன் வாங்கித் தொடர்கிற நிலை வந்தால் போக்கர் படிப்பதை விட்டுவிட்டு அதைப் பற்றி வீட்டில் உள்ளவர்களோடு கதையுங்கள்.

படிக்க என்று கேட்டீர்கள். ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு ஞாயிறும் உங்களைக் குழப்பிய மூன்று கைகளை எழுதுங்கள்: எந்த இடத்தில் இருந்தீர்கள், பொட்டில் எவ்வளவு, எதிராளியிடம் என்ன இருக்கும் என்று நினைத்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள். கடைசியில் யார் வென்றார் என்பதை எழுதவே வேண்டாம். அது தெரிந்தால் கேட்பவரும் சொல்பவரும் முடிவைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார்கள். அடுத்த கடிதத்தில் எனக்கும் அப்படியே மூன்று கைகளை அனுப்புங்கள். ஜாக்–ஒன்பது வந்த கை ஒன்று அதில் இருந்தால் நல்லது.