ஐ.நா. அமைதி காக்கும் படையில் இருக்கும்போது பல் வலி வந்தால் சிகிச்சை கிடைக்குமா?

உங்கள் தம்பி ராணுவப் பணியாகத் தென் சூடானுக்குச் செல்வதாகவும், அங்கே பல் மருத்துவர் இருப்பாரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருப்பார், ஆனால் உங்கள் தம்பி தங்கும் முகாமிலேயே பல் மருத்துவர் இருப்பார் என்று எண்ணிவிட வேண்டாம். அந்நாட்டில் ஐ.நா. படையின் மருத்துவமனை ஒன்றில் பல் மருத்துவராகப் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஐ.நா. ஏற்பாட்டின்படி முதல் நிலை மருத்துவ மையத்தில் பொது மருத்துவர்களும் உதவியாளர்களும் இருப்பார்கள். பல் வலிக்கு அவர்களால் வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் தர முடியும். பல் மருத்துவர் இருப்பது இரண்டாம் நிலை மருத்துவமனையிலிருந்துதான். மலக்கால் நகரில் இந்திய ராணுவமும், ஜோங்லே மாநிலத்தின் போர் என்னும் ஊரில் இலங்கை ராணுவமும் அத்தகைய மருத்துவமனைகளை நடத்தி வந்துள்ளன. அங்கும் வலியைப் போக்குவது, பல்லைப் பிடுங்குவது, அடைப்பது, தொற்றைக் கட்டுப்படுத்துவது ஆகியவைதாம் நடக்கும். செயற்கைப் பல் கட்டுவதை எதிர்பார்க்க இயலாது. மழைக்காலத்தில் அங்குள்ள கரிசல் மண் சாலைகளில் வண்டிகள் புதைந்துவிடுவதால், ஹெலிகாப்டரில் இடம் கிடைக்கும்வரை நோயாளி வலியோடு காத்திருக்க நேரிடும்.

அதிகம் துன்புறுத்துவது ஞானப்பல்தான், ஏனெனில் சிப்பாய்களில் பெரும்பாலோர் அது முளைக்கும் வயதினர். ஒருமுறை என்னிடம் வந்த இளைஞருக்குப் பாதி முளைத்த பல்லின்மேல் மூடியிருந்த ஈறு சீழ்பிடித்து, வாய் இரண்டு விரல் நுழையும் அளவுகூடத் திறக்கவில்லை. தாடை வீங்கியிருந்ததால் ஹெல்மெட் வாரை மாட்ட முடியாமல் ரோந்துப் பணியிலிருந்தும் அவரை விலக்கியிருந்தார்கள். ஈறுக்கடியில் சிக்கியிருந்த உணவுத் துணுக்குகளைச் சலைன் விட்டுக் கழுவி, மருந்து கொடுத்து, வீக்கம் வடிந்த பின்பே பல்லை எடுக்க முடிந்தது. இத்தகைய தொற்று கழுத்துக்கு இறங்கினால் மூச்சே அடைபடக்கூடும் என்பதால், இதை வெறும் பல் வலி என்று யாரும் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

அமெரிக்கப் படைகளில், 12 மாதங்களுக்குள் அவசரச் சிகிச்சை தேவைப்படக்கூடிய பல் உள்ளவரைப் பல் நலத் தகுதியில் மூன்றாம் வகுப்பில் வைத்து, அது சரியாகும்வரை வெளிநாட்டுப் பணிக்குத் தகுதியற்றவராகவே கருதுகிறார்கள். உங்கள் தம்பிக்கும் அதே அளவுகோலை வைத்துப் பாருங்கள். தாடை முழுவதும் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று எடுத்து, ஞானப்பல் எப்படிக் கிடக்கிறது என்று கேளுங்கள். பாதியில் நிற்கும் வேர் சிகிச்சையோடும் தற்காலிக அடைப்போடும் புறப்பட வேண்டாம். ஞானப்பல்லை எடுக்க வேண்டியிருந்தால், காயம் நன்றாக ஆறுவதற்குப் பயணத்துக்கு ஒரு மாதமாவது முன்னதாகவே எடுத்துவிடச் சொல்லுங்கள்.