சமைக்கப் பிடிக்காத இருவரும் ஒரு ஃப்ரீசரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நானும் என் கணவரும் வேலை முடிந்து வீடு திரும்பவே இரவு எட்டரை ஆகிவிடுகிறது. இருவருக்குமே சமைக்கப் பிடிக்காது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. சமைத்து உறையவைத்த சாப்பாட்டை வாராவாரம் வீட்டுக்கே அனுப்பும் சந்தா ஒன்றில், வாரத்துக்கு 14 டப்பா என்று சேர நினைக்கிறோம். வீட்டுப் பெரியவர்களோ "மாதக்கணக்கில் கிடந்த பழைய சாப்பாடு" என்கிறார்கள். சேரலாமா?

பதில்: சேருங்கள், ஆனால் 14 வேண்டாம். ஆறில் தொடங்குங்கள்.

முதலில் அந்தப் "பழைய சாப்பாடு" பேச்சை முடித்துவிடுவோம். சாப்பாடு கெடுவது நாளாவதால் மட்டும் இல்லை, அதில் நுண்ணுயிர்கள் பெருகுவதால். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அவை பெருகவே முடியாது. அந்தக் குளிர் அவற்றைக் கொல்வதில்லை, அசையாமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான் (இந்த வித்தியாசம் கீழே இன்னொரு கேள்விக்கும் தேவைப்படும்). அதனால் ஒழுங்காக உறைநிலையில் இருந்த டப்பா மூன்று மாதம் ஆனாலும் ஆபத்தில்லை, சுவைதான் மெல்லக் குறையும். சுவை விஷயத்தில் எவ்வளவு வேகமாக உறையவைத்தார்கள் என்பதுதான் முக்கியம். 1910களில், இன்று கனடாவில் இருக்கும் லாப்ரடார் பகுதியில் இருந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், கடுங்குளிரில் பிடித்த மீன் அந்த நொடியே கல்லாக உறைந்துவிடுவதையும், பல வாரம் கழித்து உருக்கினாலும் புதிதாகப் பிடித்தது போலவே இருப்பதையும் கவனித்தார். இன்றைய உறைந்த உணவுத் தொழிலுக்கு அதுதான் விதை. மெதுவாக உறைந்தால் உணவுக்குள் இருக்கும் நீர் பெரிய பெரிய பனிப்படிகங்களாகி அதன் இழைகளைக் கிழித்துவிடும், வேகமாக உறைந்தால் படிகங்கள் பொடியாக நின்றுவிடும். தொழிற்சாலையில் மைனஸ் 30, 40 டிகிரி காற்றைப் பலமாக அடித்து உறையவைக்கிறார்கள். வீட்டு ஃப்ரீசருக்கு அந்த வேகம் வராது. உருகிய டப்பாவை நாமே திரும்ப உறையவைத்தால் கொழகொழவென்று ஆவது இதனால்தான்.

சரி, ஏன் ஆறு? சந்தாவில் சேருபவர்கள் எல்லோரும் மெனுவைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள், வீட்டு ஃப்ரீசரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் முதல் தடவை 12 டப்பா வந்து இறங்கியபோது எட்டுக்கு மேல் உள்ளே போகவில்லை, மிச்சம் நான்கைக் கீழே ஃப்ரிட்ஜில் வைத்தோம், அந்த வாரம் பார்த்து இரண்டு நாள் வெளியே சாப்பிட வேண்டி வந்தது, கடைசியில் இரண்டு டப்பா குப்பைக்குப் போனது. இருவருக்கும் மனசு ஆறவே இல்லை. அதனால் டப்பாவின் நீள அகல உயரத்தை முதலிலேயே அவர்களிடம் கேளுங்கள், டேப் எடுத்து ஃப்ரீசரை அளங்கள், குளிர்காற்று சுற்றிவர கொஞ்சம் இடம் விடுங்கள். ஃப்ரீசர் கதவில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்: உறைநிலையைக் குறிக்கும் அந்தக் குறியில் ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்றோ அதற்கு மேலோ இருந்தால்தான் மைனஸ் 18. ஒரு நட்சத்திரப் பெட்டியில் மாதக்கணக்கில் சேமிக்கும் எண்ணமே வேண்டாம்.

அப்புறம், வாரத்தின் ஏழு இரவும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எந்த மூன்று இரவு நீங்கள் இருவரும் முற்றிலும் ஓய்ந்துபோய் வருகிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அந்த மூன்றுக்கு மட்டும் இருவருக்கும் சேர்த்து ஆறு. மற்ற நாளில் ரொட்டி, முட்டை, பழம் என்று அடுப்பில் அதிகம் நிற்காமலே ஓட்டலாம், அதற்குப் பெயர் சமையல் என்றுகூட இல்லை. சேரும் முன் இன்னும் ஒன்றைக் கேளுங்கள்: ஒரு வாரம் வேண்டாம் என்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், சந்தாவை நிறுத்துவது ஒரு பொத்தானா இல்லை போனில் கெஞ்ச வேண்டுமா? நிறுத்துவது கஷ்டம் என்றால் சேரவே சேராதீர்கள்.

கேள்வி: நாங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது பார்சலை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நேற்றுத் திறந்தபோது ஐஸ் பேக் எல்லாம் தண்ணீராகி இருந்தது. டப்பாக்கள் பாதி கெட்டி, பாதி மெத்தென்று. வாசனை நன்றாகத்தான் இருந்தது. சாப்பிடலாமா?

பதில்: வாசனையை நம்பாதீர்கள், தயவுசெய்து. நோய் தரும் கிருமிகள் பல வாசனையையும் சுவையையும் கொஞ்சம்கூட மாற்றாது. மேலே சொன்னேனே, உறைநிலை அவற்றைக் கொல்வதில்லை என்று? உருகியதும் அவை விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடும்.

ஐஸ் பேக் உருகியதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், அது தன் வேலையைச் செய்துதான் உருகியிருக்கிறது. டப்பாவை அழுத்திப் பாருங்கள். உள்ளே இன்னும் பனித்துகள் தட்டுப்பட்டால், அல்லது சாப்பாட்டின் வெப்பநிலை 4 டிகிரிக்குக் கீழே இருந்தால், பயமில்லை. அவற்றைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாம், சுவை குறையும், அன்றோ மறுநாளோ சூடாக்கிச் சாப்பிடுவது இன்னும் நல்லது. 4 டிகிரியைத் தாண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கலாம் என்று தோன்றினால் தூக்கிப் போடுங்கள். அதை ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை, குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், அடுத்த கேள்விக்கும் அதுதான் கைகொடுக்கும். பெட்டியைத் திறந்ததுமே படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள், மறுநாள் சொன்னால் உங்கள் பேச்சுக்கு வலுவில்லை. டெலிவரி நேரத்தை மாலைக்கு மாற்ற முடியாது என்று அவர்கள் சொன்னால், உங்கள் வீட்டுக்கு அந்த நிறுவனம் பொருந்தாது. சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

சில பெட்டிகளில் ஐஸ் பேக்குக்குப் பதில் ட்ரை ஐஸ் வரும். அது தண்ணீர் உறைந்தது இல்லை, கரியமில வாயு உறைந்தது, மைனஸ் 78 டிகிரி. வெறும் கையால் தொட்டால் தோல் புண்ணாகும். இறுக மூடிய டப்பாவில் போட்டால் வாயு விரிந்து வெடிக்கும். ஜன்னல் திறந்த இடத்தில் வைத்துத் தானாகக் கரைய விடுங்கள், குழந்தைகள் விளையாட எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் கொதிக்கிறது, நடுவில் ஐஸ் அப்படியே இருக்கிறது. சோறு வேறு காய்ந்துவிடுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை, அவசரம்தான். மைக்ரோவேவ் அலைகள் தண்ணீரை நன்றாகச் சூடாக்கும், ஐஸை அவ்வளவாகச் சூடாக்காது. ஓரத்தில் கொஞ்சம் உருகியதும் அந்த நீரே சக்தி முழுவதையும் இழுத்துக்கொள்கிறது, நடு காத்துக்கொண்டே இருக்கிறது. நாளை இரவு சாப்பிடும் டப்பாவை இன்று இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மறந்துபோன நாளில் பாதி பவரில் தொடங்கி, உருகியதும் கிளறி, பிறகு முழு பவரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் இரண்டு நிமிடம் மூடியபடி விடுங்கள், சூடு உள்ளே பரவ அந்த நேரம் வேண்டும். தெர்மாமீட்டரை நடுவில் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இந்த எண்ணில் சமரசமே செய்யக்கூடாது. லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜின் குளிரிலும் மெல்லப் பெருகக்கூடியது, நன்றாகச் சூடாக்கினால்தான் சாகும்.

டப்பாவில் அச்சடித்த நிமிடக் கணக்கு ஒரு குறிப்பிட்ட வாட்டுக்கானது. அது 1000 வாட்டுக்கு எழுதியிருந்து உங்களுடையது 700 வாட் என்றால் கூடுதல் நேரம் வைத்துத்தான் ஆக வேண்டும். சோறு காய்வதற்குக் காரணம், ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்து இறுகிவிடுவது. மேலே இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி சூடாக்குங்கள், ஆவியில் திரும்ப இளகும். சூடாக்கியது மிஞ்சினால் மறுபடி ஃப்ரீசருக்குப் போக வேண்டாம்.

கேள்வி: மெனுவில் நிறைய இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்: குழம்பு மாதிரி ஈரமாக இருப்பதெல்லாம் உறைநிலையை நன்றாகத் தாங்கும்: பருப்பு, பயறு, குழம்பில் வெந்த இறைச்சி, சூப். பெரிய உருளைக்கிழங்குத் துண்டு மணல் மாதிரி ஆகும், வெந்த முட்டை வெள்ளைக்கரு ரப்பராகும், பாலாடை சேர்ந்தது திரிந்தது போலப் பிரியும். மொறுமொறுப்பு என்று போட்டிருப்பதை மைக்ரோவேவ் மட்டும் வைத்திருப்பவர்கள் வாங்க வேண்டாம், அதற்கு ஓவன் வேண்டும்.

கேள்வி: எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. இந்தச் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்கிறார்களே?

பதில்: பல டப்பாக்களில் அதிகம்தான். லேபிளில் சோடியம் என்று இருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்குங்கள், உப்பின் அளவு வரும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அந்த எண் முழு டப்பாவுக்கா, இல்லை "ஒரு பரிமாறலுக்கு" என்று பாதி டப்பாவுக்கா என்று கட்டாயம் பாருங்கள், நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். உறைந்த காய்கறிப் பாக்கெட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு டப்பாவில் இரண்டு கைப்பிடி வேகவைத்துக் கலந்து, இருவரும் டப்பாவைப் பங்கிட்டுக்கொண்டால் உப்பு பாதியாகும். உங்களுக்கு எவ்வளவு சரி என்பதை உங்கள் மருத்துவரிடம் ஒரு தடவை லேபிளைக் காட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சமையல் போய்விட்டது, ஆனால் மெனு தேர்வு செய்வது, பார்சல் எடுப்பது, தேதி பார்த்து அடுக்குவது, டப்பா கழுவுவது எல்லாம் நானேதான். கணவர் "இப்போதுதான் வேலையே இல்லையே" என்கிறார். சொன்னால் சண்டை வருகிறது.

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அடுப்பு நின்றுவிட்டால் வீட்டு வேலையே நின்றுவிட்டது என்று எண்ணிக்கொள்வது நிறைய வீடுகளில் நடக்கிறது. ஆனால் என்ன சாப்பிடுவது என்று யோசிப்பதும் வேலைதான், அதிலும் முடிவே இல்லாத வேலை. அடுத்த மாதம் சந்தாவை அவர் போன் எண்ணுக்கு மாற்றுங்கள். ஆர்டர் கடைசித் தேதிக்கு வரும் நினைவூட்டல் அவருக்குப் போகட்டும், டெலிவரி ஆள் அவரை அழைக்கட்டும். ஒரு வாரம் அவர் மறந்து சாப்பாடு வரவில்லை என்றால் நீங்கள் ஓடிப்போய்ச் சரிசெய்ய வேண்டாம், அந்த வாரத்துக்கு என்ன வழி என்று அவரே பார்க்கட்டும். பழி வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வேலை கண்ணுக்குத் தெரிய வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை, எங்கள் வீட்டில் இப்படித்தான் தெரிந்தது. இப்போது மாதம் மாற்றி மாதம் பார்த்துக்கொள்கிறோம்.

கேள்வி: கரண்ட் போனால்?

பதில்: கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. ஊருக்குப் போகும் நாளில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் சாப்பிடலாம். ஐஸுக்குள் இறங்கி நடுவிலோ அடியிலோ உறைந்திருந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது என்று அர்த்தம், டப்பாக்களைப் பிரிக்காமலே குப்பையில் போடுங்கள்.