கன்சர்வேட்டர்ஷிப் வழக்கில் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வயது வந்த ஒருவரால் தம் உடல்நலத்தையோ பணத்தையோ கவனித்துக்கொள்ள இயலவில்லை என்று கலிஃபோர்னியா நீதிமன்றம் கண்டால், அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கும். இந்த ஏற்பாட்டுக்குக் கன்சர்வேட்டர்ஷிப் என்று பெயர். முதிய பெற்றோர் தொடர்பாக வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கடும் மனநோய்க்கான எல்.பி.எஸ். வழக்குகளின் விதிகள் வேறு.

அப்பாவுக்கு மறதிநோய் தொடங்கியிருக்கிறது. தொலைபேசி மோசடியில் இரண்டு முறை பணத்தை இழந்துவிட்டார். என்னைக் கன்சர்வேட்டராக நியமிக்கக் கோரி மனுத் தாக்கல் செய்தேன். நீதிமன்றமே நியமித்த அவருடைய வழக்கறிஞர் என் மனுவை எதிர்க்கிறார். அப்பாவின் நன்மையைக் காக்க வேண்டியவர் அவரல்லவா?

உங்கள் அப்பா என்ன விரும்புகிறார் என்பதை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவதே அவருடைய வேலை. 2021இல் இயற்றப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏபி 1194 என்னும் சட்டம், கன்சர்வேட்டர்ஷிப் விதிகள் அடங்கிய புரோபேட் சட்டத் தொகுப்பின் 1471ஆம் பிரிவில் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது: இந்த வழக்கறிஞர் தம் கட்சிக்காரரின் விருப்பத்துக்காக முனைந்து, எவரையும் சாராமல் வாதாட வேண்டியவர். அதற்கு முன்பு, கட்சிக்காரர் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தாலும், அவருக்கு எது நல்லது எனத் தமக்குத் தோன்றியதையே நீதிபதியிடம் சொன்ன வழக்கறிஞர்கள் இருந்தார்கள். உங்கள் அப்பாவின் நன்மையைப் பற்றிப் பேச மகன் இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார், வீட்டுக்கே வந்து விசாரித்து அறிக்கை தரும் நீதிமன்ற விசாரணையாளர் இருக்கிறார். இறுதியில் அதைத் தீர்மானிக்க நீதிபதியும் இருக்கிறார். அப்பா சொல்வதை அவருக்காகச் சொல்ல இருப்பவர் இந்த வழக்கறிஞர் ஒருவர்தான் என்பதால், இவரும் மற்றவர்களோடு சேர்ந்துகொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வழக்கின் தகுதியைப் பொறுத்தவரை, தெளிவான, நம்பத்தகுந்த சான்றைக் கொண்டு மனுவை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. அங்கொன்றும் இங்கொன்றுமான கவனக்குறைவை மட்டும் வைத்து, பணத்தைக் கையாள இயலாதவர் என்று ஒருவரை முடிவுகட்டக் கூடாது என 1801ஆம் பிரிவு சொல்கிறது. எனவே அந்த இரண்டு அழைப்புகள் மட்டும் போதுமா என்று அப்பாவின் வழக்கறிஞர் கேட்கத்தான் செய்வார். அப்பாவின் மனத்திறனைப் பற்றி மருத்துவர் நிரப்பித் தந்த ஜிசி-335 படிவத்தையும் அவர் வரிவரியாகப் பார்ப்பார்: மருத்துவர் எத்தனை நிமிடம் பேசினார், அப்பா வீட்டில் இருந்தபோதா அல்லது சிறுநீர்த் தொற்றால் மருத்துவமனையில் குழம்பிப்போய்க் கிடந்தபோதா அந்தச் சோதனை நடந்தது, காது கேட்கும் கருவி அப்போது மாட்டியிருந்ததா என்பவையெல்லாம் அந்தக் கட்டங்களில் இடப்பட்ட குறிகளின் மதிப்பை மாற்றக்கூடியவை. வங்கிக் கணக்கில் பணம் எடுக்க வரம்பு வைப்பது, முன்பே எழுதிவைத்த பவர் ஆஃப் அட்டர்னியைப் பயன்படுத்துவது போன்ற கட்டுப்பாடு குறைந்த வழிகள் போதுமானால் கன்சர்வேட்டர்ஷிப்பை வழங்கவே கூடாது என்பதும் சட்டம்.

தனியே பேசும்போது, ‘மகன் சொல்வதை ஏற்பதே உங்களுக்கு நல்லது’ என்று அதே வழக்கறிஞர் அவருக்கு அறிவுரை கூறியிருக்கவும் கூடும். அந்தப் பேச்சை உங்களிடம் சொல்ல அவருக்கு உரிமையில்லை.

அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். வழக்கறிஞர் வந்தபோது, மனுச் செய்த என் அண்ணனே மொழிபெயர்த்தார். இது சரியா?

சரியில்லை. எதிர்த்தரப்பில் நிற்பவரின் வாய் வழியாகவே கட்சிக்காரரின் விருப்பத்தை அறிந்துகொள்வது, அண்ணன் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஏற்கத்தக்கதன்று. பிள்ளை அறையில் இருக்கும்போது ‘உன் இஷ்டம்ப்பா’ என்று முடித்துக்கொள்வது நம் வீட்டுப் பெரியவர்களின் இயல்பு; அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டால் வழக்கே திசைமாறிவிடும். வழக்கோடு தொடர்பில்லாத மொழிபெயர்ப்பாளரை வைத்து, அம்மாவைத் தனியே சந்திக்க வேண்டும் என்று அந்த வழக்கறிஞருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர் செவிசாய்க்காவிட்டால் நீதிமன்ற விசாரணையாளரிடம் சொல்லலாம்.

என் சித்திக்கு நீதிமன்றம் நியமித்தவரைப் பிடிக்கவில்லை. தமக்குத் தெரிந்த வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள முடியுமா?

முடியும். விரும்பும் வழக்கறிஞரை அவர் குறிப்பிட்டுச் சொன்னால், அந்த வழக்கறிஞர் நீதிமன்றத்தின் பட்டியலில் இல்லாவிட்டாலும் அனுமதிக்க வேண்டும். நலமுரண் உள்ளவரும், முனைந்து வாதாட இயலாதவரும் மட்டுமே விலக்கப்படுவர். இந்த உரிமை சட்டத்தில் ஏறியதற்குப் பின்னணியாக இருந்தது பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் வழக்கு. 2008இல் தாமே ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள அவர் முயன்றபோது, அதற்கான திறன் அவருக்கு இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞரே 2021 வரை நீடித்தார். இந்த ஏற்பாட்டை முடித்துவைக்கும்படி மனுச் செய்யலாம் என்பதே தமக்குத் தெரியாது என்று 2021 ஜூன் 23 அன்று அவர் நீதிபதியிடம் கூறினார். ஜூலையில் தாம் தேர்ந்த வழக்கறிஞரை அமர்த்த அனுமதி கிடைத்தது; நவம்பர் 12 அன்று கன்சர்வேட்டர்ஷிப்பே முடிவுக்கு வந்தது. பதின்மூன்று ஆண்டுகள் நகராதது நான்கே மாதங்களில் நகர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

சித்தியின் பெயரைச் சொல்லி நீங்கள் வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். தேர்வு அவருடையதாக இருக்க வேண்டும்.

கட்டணம் யார் தருவது?

நியாயமான தொகையை நீதிமன்றம் நிர்ணயிக்கும். அது உங்கள் உறவினரின் சொத்திலிருந்து போகும். அவருக்கு வசதியில்லாவிட்டால் கவுண்டி ஏற்கும். மனுச் செய்தவரின் வழக்கறிஞருக்கான தொகையையும் அதே சொத்திலிருந்து கேட்கலாம் என்பதால், சண்டை நீளநீள இரு பக்கச் செலவும் பெரியவரின் தலையில்தான் விழக்கூடும்.

நானும் தங்கையும் ஆளுக்கொரு மனுப் போட்டிருக்கிறோம். அம்மாவின் வழக்கறிஞர் எங்கள் இருவரில் ஒருவரை ஆதரிக்க வேண்டாமா?

அம்மா யாரைச் சொல்கிறாரோ அவரை ஆதரிப்பார். காரணத்தோடு ஒருவரை விரும்பிச் சொல்லும் அளவுக்கு அம்மாவுக்குத் திறன் இருந்தால், அவரே கன்சர்வேட்டரை முன்மொழியலாம். அம்மாவின் நலனுக்கு அது உகந்ததன்று என்று கண்டாலொழிய நீதிமன்றம் அதை ஏற்க வேண்டும். ‘இரண்டு பேரும் வேண்டாம், வெளியாள் வரட்டும்’ என்று அவர் சொன்னால், மாநில உரிமம் பெற்ற தொழில்முறைப் பொறுப்பாளரின் பெயரை வழக்கறிஞர் முன்வைப்பார். ‘யாருமே வேண்டாம்’ என்றால் இரண்டு மனுக்களையும் எதிர்ப்பார். அம்மா கேட்டால் ஜூரி விசாரணையும் கோருவார். நீங்கள் இருவரும் சமரசமாகிவிட்டாலும், அம்மாவின் சம்மதம் இல்லாமல் அவர் சார்பில் வழக்கறிஞர் கையெழுத்திட முடியாது.

நீதிமன்றத்துக்கு வந்தால் அப்பா பதற்றப்படுவார். மருத்துவர் கடிதம் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாமா?

பதற்றம் மட்டும் காரணமாகாது. வருவதால் உடலுக்கு உடனடியாகக் கடும் தீங்கு நேரும் என்ற நிலை இருக்க வேண்டும். அப்பா வர விரும்பினால், கடிதத்தை எதிர்க்கும் முதல் ஆள் அவருடைய வழக்கறிஞராகத்தான் இருப்பார்.

உத்தரவு வந்துவிட்டது, மாமாவின் உடல்நிலை இப்போது தேறியிருக்கிறது. இனி வழக்கறிஞரைக் கேட்க முடியுமா?

முடியும். கன்சர்வேட்டர்ஷிப்பை முடித்துவைக்கக் கோரும் மனுவை மாமாவே தாக்கல் செய்யலாம். அவருக்கு வழக்கறிஞர் இல்லாவிட்டால் நீதிமன்றம் நியமித்துத் தரும். கன்சர்வேட்டர்ஷிப் இன்னும் தேவை என்பதும், அதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வழி இல்லை என்பதும் தெளிவான, நம்பத்தகுந்த சான்றால் தெரியவராவிட்டால் நீதிமன்றம் அதை முடித்துவைக்க வேண்டும். மனு எழுதத் தெரியவில்லை என்றால், அவ்வப்போது நேரில் வரும் நீதிமன்ற விசாரணையாளரிடம் ‘எனக்கு வழக்கறிஞர் வேண்டும்’ என்று மாமா வாய்விட்டுச் சொன்னாலும் போதும். அந்தச் சொற்கள் அறிக்கையில் இடம்பெறுகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.