ஏழு மோதிரங்கள் போதுமா? துணை ஆட்டக்காரர்களும் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமும்

கேள்வி: ராபர்ட் ஹாரி, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ஏழு முறை சாம்பியன் பட்டம் வென்றவர். மைக்கேல் ஜோர்டனுக்கே ஆறுதான். ஆனாலும் கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் ஹாரிக்கு இடம் கிடைக்கவில்லை. ஐந்து பட்டங்கள் வென்ற மைக்கேல் கூப்பருக்கு 2024இல் கிடைத்துவிட்டது. இருவருமே, பருவத்தின் நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் ஒருமுறைகூட ஆடாதவர்கள். எங்கள் கல்லூரிக் கூடைப்பந்துக் குழு நடத்தும் விவாதத்தில், பட்டம் வென்ற துணை ஆட்டக்காரர்களுக்கும் அங்கே இடம் வேண்டும் என்ற பக்கத்தில் நான் பேச வேண்டியிருக்கிறது. எந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டால் எதிரணியால் அசைக்க முடியாது?

பதில்: உங்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம், பட்டம் வென்றவர்களுக்குத் தரப்படும் மோதிரங்களின் எண்ணிக்கையில் இல்லை. ஹாரியின் ஏழு மோதிரங்களை முன்னால் வைத்துப் பேசத் தொடங்கினால் எதிரணியின் முதல் மறுப்பிலேயே நீங்கள் தடுமாற நேரிடும். கூப்பரிலிருந்து தொடங்குங்கள், அவரைத் தேர்ந்தெடுத்த அதே அளவுகோலைக் கொண்டு, 2025 வரை தேர்வு பெறாத ஒருவரை, அதாவது சான் அன்டோனியோ அணியின் தடுப்பாட்டக்காரர் புரூஸ் போவனை, அவையின் முன் நிறுத்துங்கள். ஹாரியை மறுமொழிக்கு வைத்துக்கொள்ளலாம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த மண்டபத்தின் தன்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கிய ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், அவர் பெயரிலேயே அது இயங்குகிறது. பலரும் நினைப்பதுபோல அது என்.பி.ஏ.வின் மண்டபம் அல்ல. கல்லூரி ஆட்டம், ஒலிம்பிக், ஐரோப்பியப் போட்டிகள், மகளிர் ஆட்டம், பயிற்சியாளர்கள், நடுவர்கள் என இந்த விளையாட்டு முழுவதற்கும் அது பொதுவானது. இத்தனை புள்ளிகள் எடுத்திருக்க வேண்டும், இத்தனை பட்டங்கள் வென்றிருக்க வேண்டும் என்ற வரையறை எதுவும் அங்கே கிடையாது. பெரும்பாலான பெயர்கள் கடைசியில் 24 பேர் கொண்ட குழுவின் முன் வரும். அவர்களில் 18 பேர் ஒப்புக்கொண்டால் இடம் உறுதி. வாக்களித்தவர்கள் யார், ஏன் அப்படி வாக்களித்தார்கள் என்பது வெளியே வருவதில்லை. ஆகவே விதி இப்படித்தான் சொல்கிறது என்று உங்கள் மேடையில் யாராலும் அடித்துப் பேச முடியாது, உங்களாலும் முடியாது.

இதனால் உங்களுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. துணை ஆட்டக்காரர்களாகப் பட்டம் வென்று மண்டபத்தில் இடம்பெற்றவர்கள் என்று நீங்கள் தேடி எடுக்கும் பெயர்களில் பாதி, வேறு காரணத்துக்காக உள்ளே போனவையாக இருக்கும். டோனி குக்கோச் சிகாகோ அணியில் ஜோர்டனுக்கும் பிப்பெனுக்கும் பின்னால் நின்று மூன்று பட்டங்கள் வென்றார் என்பது உண்மை. ஆனால் 2021இல் அவரைத் தேர்ந்தெடுத்தது சர்வதேசக் குழு, அதற்கு அடிப்படை ஸ்பிளிட் அணிக்காக ஐரோப்பாவில் தொடர்ந்து வென்ற மூன்று பட்டங்கள். நியூயார்க் நிக்ஸ் அணியின் பில் பிராட்லியை எடுத்துக்கொண்டால், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் ஆடிய ஆட்டமும் 1964 ஒலிம்பிக் தங்கமும் அவருடைய என்.பி.ஏ. கணக்கைவிடக் கனமானவை. இந்தப் பெயர்களைச் சொன்னால் எதிரணியில் விவரம் தெரிந்த ஒருவர் எழுந்து உங்கள் பட்டியலைக் கிழித்துவிடுவார்.

எண்ணிக்கை வாதம் ஏன் நிற்காது என்பதற்குப் பழைய பாஸ்டன் செல்டிக்ஸ் அணியே சாட்சி. 1957 முதல் 1969 வரையிலான 13 பருவங்களில் அந்த அணி 11 பட்டங்கள் வென்றது. அந்த அணியின் கே.சி. ஜோன்ஸ் ஒன்பது பருவங்கள் மட்டுமே ஆடி எட்டுப் பட்டங்கள் பெற்றார். ஆட்டத்துக்குச் சராசரி 7.4 புள்ளிகள்தான், ஆல் ஸ்டாராக ஒருமுறையும் தேர்வாகவில்லை. ஆனாலும் 1989இல் ஆட்டக்காரராகவே உள்ளே வந்தார். அதே எட்டுப் பட்டங்கள் வென்ற சாட்ச் சாண்டர்ஸுக்கு 2011இல் கிடைத்த இடம் ஆட்டக்காரர் என்ற வகையில் அன்று, விளையாட்டுக்குப் பங்களித்தவர் என்ற வகையில். ஏழு பட்டங்கள் வென்ற ஜிம் லோஸ்கட்டாஃபுக்கு இடமே இல்லை. ஃபிராங்க் ராம்சேவுக்கும் ஏழுதான், அவர் 1982இலேயே உள்ளே போய்விட்டார். ஐவரில் ஒருவராகத் தொடங்காமல், ஆட்டத்தின் போக்கைப் பார்த்து ஆறாவது ஆளாக இறங்கி அதை மாற்றுகிற பொறுப்புக்கு அவர்தான் முதல் முகம். ஒரே அணி, ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை, ஆனால் நால்வருக்கும் ஒரே முடிவு கிடைக்கவில்லை. தேர்வுக் குழுவினர் மோதிரங்களைத் தாண்டி வேறெதையோ பார்த்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும்.

லோஸ்கட்டாஃப் ஆடிய நாள்களில் லீகில் இருந்தவை எட்டு ஒன்பது அணிகள்தான். பிரிவில் முதலிடம் பிடித்த அணி இரண்டு தொடர்களை வென்றாலே பட்டம் கைக்கு வந்துவிடும். ஹாரியின் காலத்திலோ 27 முதல் 30 அணிகள், ஒவ்வொரு பட்டத்துக்கும் நான்கு சுற்றுகள். ஹாரியின் ஏழும் லோஸ்கட்டாஃபின் ஏழும் ஒரே எடை உடையவை அல்ல என்பதை எதிரணி சொல்வதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுவது நல்லது.

இப்போது ஹாரியைக் கிட்டே சென்று பார்ப்போம். 2005 இறுதித் தொடர், ஐந்தாவது ஆட்டம், டெட்ராய்ட். தொடர் இரண்டுக்கு இரண்டு என்று சமநிலையில் இருக்கிறது. சான் அன்டோனியோவுக்காக பெஞ்சிலிருந்து இறங்கிய ஹாரி, மூன்றாவது கால் பகுதி முடியும் தறுவாய் வரை ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அதன் பிறகு கூடுதல் நேரம் முடிவதற்குள் 21 புள்ளிகள். கடைசிக் காட்சியில், எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தைச் சக ஆட்டக்காரர் ஜினோபிலியிடம் கொடுத்துவிட்டு ஹாரி உள்ளே வருகிறார். அவரைத் தடுக்க வேண்டிய டெட்ராய்ட்டின் ரஷீத் வாலஸ், அவரை விட்டுவிட்டு மூலையில் ஜினோபிலியை மடக்கப் போகிறார். பந்து திரும்பி ஹாரியிடமே வருகிறது. 5.8 நொடிகள் மிச்சம் இருக்கும்போது மூன்று புள்ளி எறிவு விழுந்தது, 96-95. மூன்றாண்டுகளுக்கு முன், அவர் லேக்கர்ஸ் அணியில் இருந்தபோது, சாக்ரமெண்டோவுக்கு எதிரான தொடரின் நான்காவது ஆட்டத்திலும் இதே கதைதான். சக ஆட்டக்காரர்களான கோபி பிரையன்ட்டின் எறிவு தவறி, ‘ஷாக்’ எனப்படும் ஷாக்கில் ஓ’நீலின் எறிவும் தவறி, சாக்ரமெண்டோவின் விளாடே டிவாக் ஆபத்தை விலக்குவதாக எண்ணித் தட்டிவிட்ட பந்து, வளைவுக்கு வெளியே காத்திருந்த ஹாரியின் கைக்கு வந்தது. மணி ஒலிக்க, லேக்கர்ஸ் 100, சாக்ரமெண்டோ 99.

இந்த இரண்டையும் பார்த்தவர்களுக்கு ஹாரி நெருக்கடியில் தவறவே மாட்டார் என்றுதான் தோன்றும். ஆனால் 2003இல் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுகளில் அதே ஹாரி மூன்று புள்ளி எறிவுகளில் 38 முயன்று இரண்டை மட்டுமே போட்டார். அந்த ஆண்டு சான் அன்டோனியோவுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் அவர் எறிந்த பந்து வளையத்துக்குள் பாதி போய்த் திரும்பி வந்தது. லேக்கர்ஸ் 94-96 என்று தோற்றது. ரசிகர்கள் அதை மறந்துவிட்டார்கள், எதிரணி மறக்காது. ஒரு பெரிய எறிவு போதும் என்றால் 1993இல் ஜான் பாக்ஸனும் 1997இல் ஸ்டீவ் கெர்ரும் இறுதித் தொடரையே முடித்துவைத்த எறிவுகளைப் போட்டிருக்கிறார்கள். ஆட்டக்காரர்களாக அவர்களையும் சேர்ப்பீர்களா என்று கேட்பார்கள். 16 பருவங்கள், 1,107 ஆட்டங்கள், சராசரி 7.0 புள்ளிகள் என்பதோடு, ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களின் பட்டியலான ஆல் டிஃபென்சிவ் அணியில் ஒருமுறைகூட இடமில்லை என்பதையும் சேர்த்து வைப்பார்கள். ஹாரி வென்ற ஏழு தொடர்களிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது ஒலாஜுவனுக்கும் ஷாக்குக்கும் டங்கனுக்கும் டோனி பார்க்கருக்கும்தான் போனது.

ஆகவே எண்ணிக்கையையும் கடைசி நொடி எறிவுகளையும் ஒதுக்கிவிட்டு, நீங்கள் முன்வைக்க வேண்டிய அளவுகோல் இது: தனக்கு ஒதுக்கப்பட்ட வேலையில், அது எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும், பல பருவங்கள் லீகிலேயே முதல் வரிசையில் இருந்தாரா, அதற்கு அந்தக் காலத்திலேயே சான்று பதிவாகியிருக்கிறதா? புள்ளி எடுப்பவர்களுக்கு மட்டுமே மண்டபம் என்ற எண்ணம் எப்போதோ உடைந்துவிட்டது. டெனிஸ் ராட்மன், தவறிய எறிவின் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டில் ஏழு முறை முதலிடம் பிடித்தவர், 2011இல் வந்தார். பென் வாலஸின் சராசரி வெறும் 5.7 புள்ளிகள், சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு முறை வென்று 2021இல் வந்தார். அவர்கள் துணை ஆட்டக்காரர்கள் அல்லர், தங்கள் துறையில் நட்சத்திரங்கள் என்று எதிரணி மறுக்கும். மறுக்கட்டும். தன் துறையில் நட்சத்திரமா என்பதே நம் கேள்வி என்று நீங்கள் அங்கிருந்தே கூப்பருக்கு வந்துவிடலாம்.

1978இல், அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 60ஆவது ஆளாகத் தேர்வான கூப்பர், 12 பருவங்களையும் லேக்கர்ஸிலேயே கழித்தார். பெரும்பாலும் பெஞ்சிலிருந்து இறங்கியவர். சராசரி 8.9 புள்ளிகள். எதிரணியின் மிகச் சிறந்த வெளிவட்ட ஆட்டக்காரரைத் தடுப்பதுதான் அவர் வேலை, பாஸ்டனுடன் ஆடும்போது அது லாரி பேர்டு. எட்டு முறை ஆல் டிஃபென்சிவ் அணிகளில் இடம், 1987இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. அதே ஆண்டு இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் பாஸ்டனுக்கு எதிராக ஆறு மூன்று புள்ளி எறிவுகளைப் போட்டு அன்றைய சாதனையை நிகழ்த்தியதையும் மறக்க வேண்டாம். பின்னாளில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ் மகளிர் அணியின் பயிற்சியாளராக இரண்டு பட்டங்கள் வென்றார். அதைக் காட்டி, பயிற்சியாளர் கணக்கும் சேர்ந்துதான் அவருக்கு இடம் கிடைத்தது என்று யாராவது சொன்னால், அவர் ஆட்டக்காரராகத் தேர்வானவர் என்பதை நினைவுபடுத்துங்கள்.

இந்த இடத்தில் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒரு விவரம் இருக்கிறது. கூப்பரின் காலத்திலும் போவனின் காலத்திலும் ஆல் டிஃபென்சிவ் அணிகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் பத்திரிகையாளர்கள் அல்லர், லீகின் தலைமைப் பயிற்சியாளர்கள். தங்கள் அணி ஆட்டக்காரருக்கு அவர்கள் வாக்களிக்கவும் கூடாது. அதாவது, இந்த ஆளை எதிர்த்து எப்படிப் புள்ளி எடுப்பது என்று இரவெல்லாம் மண்டையைக் குடைந்துகொண்டவர்களே அவருக்கு வாக்களித்திருக்கிறார்கள். துணை ஆட்டக்காரருக்கு இதைவிடப் பெரிய சான்று கிடைப்பது அரிது. மோதிரம் அவருடைய அணியைப் பற்றிப் பேசுகிறது, இந்த வாக்கு அவரைப் பற்றிப் பேசுகிறது.

போவனுக்கு அந்தச் சான்று 2001 முதல் 2008 வரை இடைவெளியே இல்லாமல் எட்டு ஆண்டுகள் கிடைத்தது. அவற்றில் கடைசி ஐந்தும், ஆல் டிஃபென்சிவ் அணிகள் இரண்டில் உயர்ந்ததான முதல் அணியில். டிராஃப்டில் எந்த அணியும் தேர்ந்தெடுக்காமல் விட்டவர், பிரான்சிலும் அமெரிக்காவின் சிறிய லீகிலும் ஆடி மேலே வந்தவர், சான் அன்டோனியோவுடன் 2003, 2005, 2007 என மூன்று பட்டங்கள். தாக்குதலில் அவர் கற்றுக்கொண்டது மூலையில் நின்று மூன்று புள்ளி எறியும் ஒரே வித்தையை. அதையும் எப்படிக் கற்றார் என்றால், 2002-03 பருவத்தில் 44.1 விழுக்காட்டுடன் லீகிலேயே முதலிடம். அதே பருவத்தில் யாருமே தடுக்க வராத ஃப்ரீ த்ரோவில் 40.4 விழுக்காடுதான்! இப்படியொரு விசித்திரமான கணக்கை வேறு எவரிடமும் நான் பார்த்ததில்லை. எறிந்துவிட்டுக் கீழே இறங்குகிறவரின் காலடியில் தன் காலை வைப்பார் என்ற குற்றச்சாட்டு அவர் மீது நெடுநாள் இருந்தது. அதை மறைக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு வாக்கு இருந்தால் சற்றுத் தயங்கியேனும் அவருக்குப் போடுவேன். ஹாரிக்குப் போட மாட்டேன்.

எதிரணியின் பலமான வாதம் கடைசியில்தான் வரும் என்று நினைக்கிறேன். இத்தகையவர்களைக் கௌரவிக்க அவரவர் அணி இருக்கிறதே, சட்டை எண்ணை ஓய்வுபெறச் செய்து கூரையில் தொங்கவிடலாமே என்பார்கள். அப்படி நடந்தும் இருக்கிறது. லோஸ்கட்டாஃப் தன் 18ஆம் எண்ணைப் பின்னால் வருகிறவர்கள் அணியட்டும் என்று சொல்லிவிட்டதால், பாஸ்டன் அணி ‘லோஸ்கி’ என்ற செல்லப் பெயரை மட்டும் எழுதித் தொங்கவிட்டது. போவனின் 12ஐ 2012இல் ஓய்வுபெறச் செய்த சான் அன்டோனியோ, 2015இல் அவர் சம்மதத்துடன் அதை லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜுக்குக் கொடுத்தது. இங்கேதான் ஹாரியை நீங்கள் வெளியே எடுக்க வேண்டும். ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று அணிகளில் எதுவுமே அவர் எண்ணைத் தொங்கவிடவில்லை. 1996இல் சார்லஸ் பார்க்லியைப் பெறுவதற்காக ஹூஸ்டன் விட்டுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அணியின் கௌரவம் ஒரே இடத்தில் நிலைத்து நின்றவர்களுக்குத்தான் எளிதில் கிடைக்கிறது. டோம்யானோவிச், ஃபில் ஜாக்சன், போபோவிச் என ஒருவரைப் போல் ஒருவர் இல்லாத மூன்று பயிற்சியாளர்கள் நெருக்கடி நேரத்தில் ஒரே ஆளை நம்பிக் களத்தில் நிறுத்தினார்கள் என்பதைப் பதிவுசெய்ய எந்த அணியின் கூரையும் போதாது.

அதற்கு மண்டபத்திலேயே வேறொரு வழி இருக்கிறது என்பது என் கருத்து. அங்கே தனிநபர்களைப் போலவே முழு அணிகளுக்கும் இடம் உண்டு. 1992 ஒலிம்பிக் அணி 2010இலும், 2008 ஒலிம்பிக் அணி 2025இலும் அப்படிச் சேர்க்கப்பட்டன. 1994, 1995 ஹூஸ்டன் அணியையோ 2000 முதல் 2002 வரை தொடர்ந்து வென்ற லேக்கர்ஸ் அணியையோ முழுதாகச் சேர்த்தால், ஹாரியும், லேக்கர்ஸில் அவருடன் ஆடிய டெரெக் ஃபிஷரும் தங்கள் கணக்கை மிகைப்படுத்தாமலேயே உள்ளே வந்துவிடுவார்கள். இதைத் தொடக்க உரையில் சொல்ல வேண்டாம், ஏனென்றால் தனிநபருக்கு இடம் தேவையில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகத் திருப்பிவிடுவார்கள். ஹாரியைப் பற்றிய கேள்வி எழுந்த பிறகு, போவனின் வாதம் நிலைபெற்றுவிட்டது என்று தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள்.